அரை மணி நேரத்தில் கார் ஏசி நின்றுவிடுகிறது: கிளட்ச் கோளாறா?

வணக்கம் நண்பர்களே. ஏசி போட்டதும் நன்றாகக் குளிர்கிறது. அரை மணி நேரம் ஓடினால் வெறும் காற்றுதான் வருகிறது. காற்றின் வேகம் குறையவில்லை, அதனால் உள்ளே ஐஸ் கட்டுவதாகத் தோன்றவில்லை. இஞ்சின் ஆறினால் மறுபடியும் குளிர்கிறது.

மெக்கானிக் பார்த்ததுமே கேஸ் குறைவு என்று நிரப்பினார். இரண்டே நாளில் பழைய கதை. கேஸ் கசிந்திருந்தால் வண்டி ஆறியதும் தானாகச் சரியாகுமா?

நேற்று ஏசி நின்ற நேரத்திலேயே பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஃபேன் ஓடுகிறது. கம்ப்ரசர் புல்லியும் சுற்றுகிறது, ஆனால் அதன் முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டு (புல்லியோடு ஒட்டிக்கொண்டு கம்ப்ரசரைச் சுற்ற வைப்பது) அசையாமல் நிற்கிறது. கிளட்ச் வயரில் மல்டிமீட்டர் 13.8 வோல்ட் காட்டியது. அப்படியானால் கிளட்சுக்கு கரண்ட் வரும் வழியில் உள்ள ரிலே, ஃபியூஸ், பிரஷர் சுவிட்ச் மூன்றும் சரி என்றுதானே அர்த்தம்? எர்த்தையும் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது.

அப்புறம் இஞ்சினை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. பொதுவாக 0.3 முதல் 0.6 வரைதான் இருக்க வேண்டும். தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது, சூட்டில், தட்டைக் காந்தம்போல இழுக்கும் காயிலின் மின்தடை ஏறி இழுவிசை குறைவதால் அது பிடிக்கவில்லை என்பது என் கணிப்பு.

தட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஷிம்மை (மெல்லிய வாஷர்) எடுத்து இடைவெளியைக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அது எத்தனை நாள் தாங்கியது? காயிலையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு மனசு வரவில்லை. உடம்புக்கு முடியாத அம்மாவை அடிக்கடி இந்த வண்டியில்தான் அழைத்துப் போகிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.