கச்சான் காலத்தில் கடற்கரைப் படம் எடுக்கப் போனவர்கள் சொல்லுங்கள்

உப்புக்காற்று, மார்த்தாண்டம்:

ஆனி பிறந்து கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எழுந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. மற்ற மாதங்களில் சாதுவாகக் கிடக்கும் மேற்குக் கடல் அப்போதுதான் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களின் மேல் ஏறி விழும். வானத்தில் கருமை, அதன் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சம் பத்து நிமிடம் நின்றால் அதிகம். அந்தப் பத்து நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் மழையில் நனைவதை என் மனைவி ஒரு வியாதி என்கிறாள். மறுக்க என்னிடம் பதில் இல்லை.

இந்த முறை நீரோடிப் பக்கம் போனேன். தமிழ்நாட்டின் கடற்கரை அங்கே முடிகிறது. அடுத்தது பொழியூர், அதையும் தாண்டினால் நெய்யாறு கடலில் சேரும் பூவார். கொஞ்சம் வடக்கே நடந்தாலே கைப்பேசிக்கு மலையாளத்தில் வரவேற்புச் செய்தி வந்துவிடும். கரையோரம் வரிசையாகப் பாதி வீடுகள். ஒரு வீட்டில் கடலைப் பார்த்த சுவர் மட்டும் நின்றது, நீலச் சுண்ணாம்பு பூசிய சுவர், நடுவில் சட்டம் இல்லாத ஜன்னல். அந்த ஜன்னல் வழியே அலை தெரிந்தது. படக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முக்காலியை ஊன்றி, லென்ஸின் முன்னால் கறுப்பு வடிகட்டியை மாட்டி, ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்தேன். வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி அது. அத்தனை நேரம் திறந்திருந்தால் அலை ஒன்றுகூடப் பதியாது. நுரை எல்லாம் சேர்ந்து பனிமூட்டம் போல ஆகிவிடும். திரையில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

பின்னால் ஒரு பாட்டி நின்று கொண்டிருந்தார். காட்டச் சொன்னார். காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்களே, கடல் இப்படிப் பால்போலக் கிடந்திருந்தால் என் அடுக்களை ஏன் விழுந்தது?"

அது அவருடைய அடுக்களைச் சுவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வடிகட்டியைக் கழற்றினேன். கால் விநாடியில் வைத்தால் திரும்பும் அலை மணலில் கோடு கோடாக இழுபடும், வேகம் தெரியும். ஆயிரத்தில் ஒரு விநாடியில் துளி துளியாக நின்றுவிடும், கல்லில் மோதும் பலம் தெரியும். இரண்டையும் எடுத்தேன். இன்னும் நெருங்குவதற்காக ஒரு கல்லில் கால் வைத்தபோது பாட்டி அதட்டினார். "அந்தக் கல்லில் பாசி இருக்கிறது பார். பாசி இருக்கிற இடத்துக்கு அலை வரும்." பத்து நிமிடம் கழிந்திருக்கும், அந்தக் கல்லை மூடிக்கொண்டு ஓர் அலை போனது. வந்த நேரத்திலிருந்து அதுவரை ஒரு முறைகூட அங்கே நீர் ஏறவில்லை. புதிதாக வருகிறவர்கள் முதலில் கால் மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு கடலைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது வழக்கம். சொன்னவன்தான் மறந்தான்.

கிளம்பும்போது ஒரு வாளி கிணற்று நீர் கொண்டுவந்து முக்காலியைக் கழுவச் சொன்னார். இரும்பை உப்பு தின்றுவிடும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு இப்படி யாராவது வாய்த்தார்களா? எழுதுங்கள்.


பாறைநண்டு, குளச்சல்:

நண்பரே, பாட்டி கேட்டது சரிதான், ஆனால் அதற்காக நீளத் திறப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். விடியற்காலையில் கடலை அரைத்தூக்கத்தில் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. கண் பார்ப்பதும் ஒரே ஒரு கணத்தை அல்லவே.

என் கதை மணவாளக்குறிச்சியில். அங்கே இல்மனைட் என்ற கனிமம் கலந்த கறுப்பு மணல். முதல் முறை போனவன் கேமராவின் கணக்கை நம்பினேன். அதற்கு எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிப் பார்க்கும் புத்தி. கறுப்பு மணல் சிமெண்டுத் தரை மாதிரி வெளுத்துவிட்டது. ஒரு படி வெளிச்சத்தைக் குறைத்த பிறகுதான் மணல் மணலானது, ஈரத்தில் அந்தியின் சிவப்பும் ஏறியது.

சந்திப்பு என்று கேட்டால், கரையில் நின்றே இழுக்கும் கரமடி வலையை இழுத்தவர்கள்தான். கடல் அடங்கியிருந்த ஒரு மாசி மாதம். கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கி நடந்து வந்த வரிசையை நான் குனிந்தும் படுத்தும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் நிறுத்தாமலே கேட்டார்: "எத்தனை படம் ஆயிற்று?" நாற்பது இருக்கும் என்றேன். "சரி, இனி நாற்பது இழு." கேமராவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இழுத்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. பங்காக ஒரு தேங்காய்ச் சிரட்டை நெத்திலி கிடைத்தது. அந்த நாற்பதில் இன்று ஒன்றும் என்னிடம் இல்லை. மடி கரையேறிய பிறகு, கை நடுங்க எடுத்த ஒரு படம் மட்டும் வைத்திருக்கிறேன். அதில் எல்லாருடைய கைகளும் இருக்கின்றன.


பொழிமுகம், பூவார்:

ஆனி ஆடியைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எனக்குப் பயம் சித்திரையில்தான். காற்று இல்லை, மேகம் இல்லை, படம் எடுக்க அருமையான வானம். அப்போது கடல் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எழும் புயல் கிளப்பிய அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. நம் வானத்தில் அதற்கு அறிகுறியே இருக்காது. திருடன் போல வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோவும் அதே பெயரை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது.

நான் பொழியில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், மணல்திட்டில் மண்டியிட்டு, தரையோடு தரையாகக் கேமராவை வைத்துக் கொண்டிருந்தேன். வள்ளத்தைத் தள்ளி மேலே ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் கத்தினார். சூரியன் இறங்க ஐந்து நிமிடம்தானே என்று கை காட்டினேன். அவர் ஓடி வந்து என் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். கோபத்தோடு பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது என் பை கிடந்த இடத்தில் தண்ணீர். பையில் இருந்த லென்ஸ் ஒன்று அன்றோடு போயிற்று.

2024 மே மாதம் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது நினைவிருக்கும். ஹைதராபாதில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். அதைவிட, வள்ளங்களை மேலே ஏற்றுகிறார்களா என்று பாருங்கள்.


ஓலைக்கூரை, கொல்லங்கோடு (இப்போது விடுப்பில்):

நான் ஸ்காட்லாந்தில் செவிலியர். ஊருக்கு வந்த இடத்தில் இந்த இழையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அங்கேயும் இதே பாடுதான்.

லூயிஸ் தீவின் வடமுனையில் செங்கல்லால் கட்டிய ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதை எடுக்க இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் காற்றுக்குப் பயந்து கப்பலை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது முறை போய்ச் சேர்ந்தேன். முக்காலி நடுங்கியது. புத்தகத்தில் படித்தபடி பையை அதன் நடுவில் தொங்கவிட்டேன். பை ஊஞ்சலாடி இன்னும் ஆட்டியது. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் சைகையாலேயே சொல்லிக்கொடுத்தார்: பையைத் தரையில் வை, கால்களைச் சுருக்கு, காற்றுக்கு முதுகு காட்டி நீயே சுவராக உட்கார். அப்படித்தான் எடுத்தேன். ஒரே மணி நேரத்தில் ஆலங்கட்டி, வெயில், வானவில் மூன்றும் வந்தன.

அந்தத் தீவின் ஆர்னால் கிராமத்தில் ஒரு பழைய வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கூரைமேல் கயிறு போட்டு, கயிற்று நுனிகளில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் ஆச்சி பழைய வலையைக் கூரைமேல் விரித்துக் கல் கட்டுவார். நான் அங்கே கலங்கரை விளக்கத்தைவிட அந்தக் கல்லைத்தான் அதிகம் எடுத்தேன். கூட வந்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை, விளக்கவும் இல்லை.


சேற்றுக்கால், ஆரம்பாக்கம்:

உங்களுக்கெல்லாம் அலையாவது இருக்கிறது. எங்கள் பழவேற்காடு ஏரியில் முழங்கால் நீரும் வானமும்தான். இறக்கம் தீவு ஆந்திரத்துக்குள் இருக்கிறது. அங்கே அரசுக் காகிதம் தெலுங்கில், வீட்டுப் பேச்சு தமிழில். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் ட்ரோன் என்ற பேச்சை எடுக்கவே கூடாது. மேலே ஏறிப் பார்க்க ஒரு மேடும் கிடையாது. கீழ்வானக் கோடு ஓர் இம்மி சாய்ந்தாலும் ஏரி கொட்டிவிடுவது போல் படம் நிற்கும்.

படகு சேற்றில் தட்டியது. படகுக்காரர் இறங்கித் தள்ளினார். நான் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். "அண்ணா, அது எத்தனை கிலோ?" என்றார். இரண்டு இருக்கும் என்றேன். "நீங்கள்?" இறங்கிவிட்டேன்.

தொடைவரை சேறு. அங்கே நின்றபோதுதான் நீர்மட்டத்துக்கு இரண்டு அடி உயரத்திலிருந்து ஏரியைப் பார்த்தேன். வலைக்கு நட்ட கழிகள் வானத்தில் நட்டவை போலத் தெரிந்தன. மூன்று வருடம் படகில் உட்கார்ந்து எடுத்ததில் கிடைக்காத படம். பூநாரை ஒன்றுகூட இல்லை அதில். அதனால் யாரும் பாராட்டவும் இல்லை.


உப்புக்காற்று, மார்த்தாண்டம்:

எல்லாருக்கும் நன்றி. பொழிமுகம், முக்காலியைத் தூக்கிய அந்த அண்ணனுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆவணியில் படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு பாட்டியைப் பார்க்கப் போனேன். நீலச் சுவர் அங்கே இல்லை. கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். பாட்டி மகள் வீட்டில், இரண்டு தெரு உள்ளே, இருந்தார். இரண்டு படங்களையும் கையில் கொடுத்தேன். கல்லில் அலை சிதறுகிற படத்தைத்தான் வாங்கிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். அதை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

"இதை நான் எத்தனையோ வருடம் பார்த்தாயிற்று, மக்களே" என்றார்.

பால்போலக் கிடக்கும் கடலும் அதன் முன்னே தன் அடுக்களை ஜன்னலும் இருக்கும் படத்தை மாதா படத்துக்குக் கீழே மாட்டச் சொன்னார். ஆணி அடித்தது நான்தான். பாறைநண்டு, நீங்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது.