உதவி தேவை: இழுத்தும் நகராத வள்ளத்தின் உராய்வு விசை எவ்வளவு?

குளச்சல் தாய் | இரவு 8.40
பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு நாளைக் காலையில் இயற்பியல் தேர்வு இருக்கிறது. சென்ற வாரத் தேர்வில், மணலில் கிடக்கும் 400 கிலோ வள்ளத்தை நான்கு பேர் கயிறு கட்டி இழுக்கும்போது செயல்படும் உராய்வு விசையைக் கேட்டிருந்தார்கள். சூத்திரத்தில் மதிப்புகளைச் சரியாகப் போட்டு 1600 நியூட்டன் என்று அவள் எழுதியிருந்தும், விடை தவறு என்று சுழித்திருக்கிறார்கள். நானும் மூன்று முறை பெருக்கிப் பார்த்துவிட்டேன். எங்கே பிழை என்று தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் பொறியாளர் | 8.52
சகோதரி, நால்வரும் எவ்வளவு விசையுடன் இழுத்தார்கள், உராய்வுக் குணகம் எவ்வளவு, புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்தார்களா 10 என்று எடுத்தார்களா என்பவை எதுவும் உங்கள் பதிவில் இல்லையே. வினாவை அப்படியே எழுதுங்கள்.

அருமனை மாணவன் | 8.58
அக்கா, வள்ளம் நகர்ந்ததா இல்லையா என்று வினாவில் சொல்லியிருந்தார்களா? அதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

குலசேகரம் ரப்பர் | 9.05
கயிறு எந்தக் கோணத்தில் இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் கருத்து. வெட்டிய ரப்பர் தடியைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு இழுக்கும்போது, கயிற்றைத் தரையோடு ஒட்டி இழுப்பதைவிடச் சற்று மேல்நோக்கி இழுத்தால் எளிதாக வரும். தடி மண்ணை அழுத்துவது குறைவதால் உராய்வும் குறைகிறது. வினாவில் கோணம் கொடுத்திருப்பார்கள். குழந்தை அதைக் கவனித்திருக்க மாட்டாள்.

தக்கலை பணிநிறைவு ஆசிரியர் | 9.11
இதே ஐயத்துக்கு நான் இங்கே பலமுறை விடையளித்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தேடிப் படிப்பதில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு விசைப்படம் வரையாமல் கணக்கைத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். வள்ளத்தைத் தனியாக வரைந்து, எடையைக் கீழ்நோக்கிக் குறியுங்கள். அந்த எடைக்கு எதிர்வினையாக, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மணல் மேல்நோக்கித் தரும் செங்குத்து விசையைக் குறியுங்கள். பிறகு இழுவிசையையும் உராய்வையும் குறியுங்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது இராது.

குளச்சல் தாய் | 9.20
பொறுத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் விட்டுவிட்டேன். வினாவில் இருப்பது இதுதான்: சமதள மணலில் 400 கிலோகிராம் நிறையுள்ள வள்ளத்தை நால்வர் தலைக்கு 300 நியூட்டன் வீதம் கிடைமட்டமாக இழுக்கின்றனர், வள்ளம் நகரவில்லை. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3, புவியீர்ப்பு முடுக்கம் 10. (அ) உராய்வு விசை எவ்வளவு? (ஆ) மேலும் இருவர் அதே அளவு விசையுடன் சேர்ந்து இழுத்தால் முடுக்கம் எவ்வளவு? நகராததை எழுத வேண்டிய தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.

முட்டம் வள்ளக்காரர் | 9.31
தங்கச்சி, அந்தச் சொல்லில்தான் விடை இருக்கிறது. நால்வர் இழுப்பது 1200 நியூட்டன். மணல் 1600 நியூட்டன் விசையுடன் எதிர்ப்புறம் பிடிப்பதாக உங்கள் மகள் எழுதியது உண்மையானால், 400 நியூட்டன் மிச்சமாகி, நாங்கள் கரைக்கு இழுக்க இழுக்க வள்ளம் தானாகக் கடலைப் பார்த்துப் போக வேண்டும். அப்படி ஒரு வள்ளத்தை நான் எந்தக் கரையிலும் கண்டதில்லை. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4-ஐ வள்ளத்தின் எடையான 4000 நியூட்டனால் பெருக்கினால் வரும் 1600 என்பது மணலால் பிடிக்க முடிந்த உச்ச அளவு மட்டுமே. ஒருவர் இழுத்தால் மணல் 300 நியூட்டன் பிடிக்கும், இருவர் இழுத்தால் 600 பிடிக்கும், ஐவர் இழுத்தாலும் 1500 பிடித்துக்கொண்டு அசையாமல் வைத்திருக்கும். ஆகவே (அ) பகுதிக்கு விடை 1200 நியூட்டன்.

ஆனி, ஆடியில் கடல் கரையை அரிக்கும்போது வள்ளங்களை மேலே ஏற்றுவோம். அசைக்கும்வரை உயிர் போகும். அசைந்துவிட்டால், நிறுத்தாதே, நிறுத்தாதே என்று எல்லாரும் கத்துவோம், ஏனென்றால் நின்றால் மறுபடியும் அதே பாடு. வினாவில் இரண்டு குணகங்கள் கொடுத்திருப்பதன் காரணமும் அதுதான்.

அருமனை மாணவன் | 9.38
ஆசிரியர் ஐயா எழுதியதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. எடைக்கு எதிர்வினை செங்குத்து விசை அன்று. மூன்றாம் விதியின் இணை விசைகள் இரு வேறு பொருள்கள் மீது செயல்பட வேண்டும். எடையும் செங்குத்து விசையும் வள்ளம் என்னும் ஒரே பொருளின் மீது செயல்படுகின்றன. பூமி வள்ளத்தை ஈர்ப்பதற்கு இணை, வள்ளம் பூமியை ஈர்ப்பது.

தக்கலை பணிநிறைவு ஆசிரியர் | 9.44
தம்பி, நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். இரண்டும் 4000 நியூட்டன், இரண்டும் எதிரெதிர்த் திசை. இதில் என்ன குறை கண்டாய்?

நாகர்கோவில் பொறியாளர் | 9.53
மாணவர் சொல்வதே சரி என்று பணிவுடன் கூறுகிறேன் ஐயா. இங்கே இரண்டும் சமமாக இருப்பதற்குக் காரணம் மூன்றாம் விதி அன்று. வள்ளத்துக்கு மேல்கீழ்த் திசையில் முடுக்கம் இல்லாததே காரணம். குலசேகரத்து நண்பர் சொன்னபடி அதே 1200 நியூட்டனைத் தரையிலிருந்து 30 பாகை மேல்நோக்கி இழுத்தால், கயிறே 600 நியூட்டனைத் தாங்கிக்கொள்ளும். அப்போது எடை 4000 ஆகவே இருக்க, செங்குத்து விசை மட்டும் 3400 ஆகிவிடும். மூன்றாம் விதியின் இணைகளாக இருந்தால் அவை ஒருபோதும் வேறுபடக் கூடாது. உராய்வின் உச்ச அளவும் 1360 ஆகக் குறையும். ஆனால் கிடைமட்ட இழுவிசை ஏறத்தாழ 1039 மட்டுமே என்பதால், அப்போதும் வள்ளம் நகராது.

குலசேகரம் ரப்பர் | 9.58
நகராவிட்டாலும் உராய்வு குறைகிறது என்று நான் சொன்னது சரிதானே!

தக்கலை பணிநிறைவு ஆசிரியர் | 10.06
சமதளத்தில் எண் மதிப்பு மாறாது என்ற பொருளில் எழுதினேன். எதிர்வினை என்ற சொல்லை நான் தவிர்த்திருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். விசைப்படம் வரைய வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

அருமனை மாணவன் | 10.10
அக்கா, (ஆ) பகுதியை யாரும் தொடவில்லை. அறுவர் இழுப்பது 1600-ஐத் தாண்டுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தாண்டினால் அதன் பிறகு 0.3-ஐ மட்டும் பயன்படுத்த வேண்டும்.

குளச்சல் தாய் | 10.34
படம் வரைந்து அவளே போட்டுவிட்டாள். இழுவிசை 1800, உராய்வு 0.3 × 4000 = 1200, மீதி 600, முடுக்கம் 1.5 மீட்டர்/வினாடி² வந்தது. வள்ளம் தானாகக் கடலுக்குப் போகும் என்பதைப் படித்தவுடன் முதல் பகுதியும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி, அவள் தூங்கப் போகிறாள்.