ஃபின்லாந்து இசையையும் சாமி மக்களின் இசையையும் அறிமுகப்படுத்த எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வடகாற்று

வணக்கம். மாதம் ஒருமுறை கூடி, ஏதேனும் ஒரு நாட்டின் இசையை ஒன்றரை மணி நேரம் அமர்ந்து கேட்கும் சிறிய குழு ஒன்றில் இருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் ஃபின்லாந்தின் இசையையும், அந்நாட்டின் வடகோடியில் வாழும் சாமி மக்களின் இசையையும் அறிமுகப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவை ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் 'ஃபின்லாந்தியா'வும், இணையத்தில் பரவிய 'ஈவன் போல்கா'வும் மட்டுமே. பெயர் பெற்ற படைப்புகளின் வழியாகவே போக விரும்புகிறேன். கேட்டவர்கள் பிறகு தாங்களே தேடிக் கேட்க அவைதான் எளிதில் கிடைக்கும். இன்னோர் ஐயமும் உண்டு. சாமி மக்களின் யொய்க் பாடலை ஃபின்லாந்து நாட்டுப்புற இசையின் ஒரு பிரிவாகச் சொல்லலாமா, அல்லது தனியாகத்தான் வைக்க வேண்டுமா?

மறுமொழி 1: நெடுநல்யாழ்

'ஃபின்லாந்தியா'வை முதலில் வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அதற்கு முன் பழைய ரூனோ பாடல் ஒன்றைத் துணைக்கருவி இல்லாமல் ஒற்றைக் குரலில் கேட்க வையுங்கள். எலியாஸ் லொன்ரோத் ஊர் ஊராக நடந்து சேகரித்து 1835-லும், விரிவாக்கி 1849-லும் வெளியிட்ட 'கலேவலா' காப்பியம் இந்தப் பாடல்களிலிருந்து உருவானதுதான். வரிக்கு எட்டு அசை. முதல் ஆறும் குறுகி ஒலிக்க, கடைசி இரண்டும் நீளும். அதனால் பெரும்பாலான மெட்டுகள் ஐந்து எண்ணிக்கையில் அமைகின்றன. கண்ட நடைக்குப் பழகிய கை தானாகவே தாளம் போடத் தொடங்கிவிடும். சொற்கள் மோனையால் கோக்கப்பட்டிருக்கும். ஒரு வரி சொன்னதையே அடுத்த வரி வேறு சொற்களில் திரும்பச் சொல்லும். முன்பாட்டுக்காரர் வரியை முடிக்கும் தறுவாயில் பின்பாட்டுக்காரர் கடைசிச் சொல்லில் சேர்ந்துகொண்டு அதே வரியைத் திருப்பிப் பாடுவது அவர்கள் வழக்கம்.

இதனோடு காந்தலேயையும் காட்டிவிடுங்கள். மடியிலோ மேசையிலோ வைத்து விரலால் மீட்டும் சிறு யாழ் அது. பழைய வடிவத்தில் ஐந்தே நரம்புகள். அவை ச, ரி, க, ம, ப என்று அடுத்தடுத்த ஐந்து சுரங்களுக்குக் கூட்டப்படுகின்றன. இவற்றுள் காந்தாரம் பாடலுக்கு ஏற்ப உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும், சில வேளை இரண்டுக்கும் இடையிலும் நிற்கும். காப்பியத்தின் முதியவர் வைனாமொய்னன் முதல் காந்தலேயைச் செய்தது ஒரு பெரிய பைக் மீனின் தாடை எலும்பில். அது கடலில் தொலைந்தபின் பிர்ச் மரத்தில் இரண்டாவதைச் செய்து, ஒரு கன்னியின் கூந்தலை நரம்பாகக் கட்டினார்.

இவற்றைக் கேட்டபின் சிபேலியஸிடம் வந்தால் அவர் வேறு மாதிரி ஒலிப்பார். 1891-இல் போர்வோ நகரில் லாரின் பராஸ்கே என்ற மூதாட்டி பாடியதை அவர் நேரில் கேட்டார். அந்த அம்மையாரின் நினைவிலிருந்து எழுதியெடுக்கப்பட்ட வரிகள் 32,000-ஐத் தாண்டும். மறு ஆண்டே கலேவலாக் கதையொன்றின்மீது சிபேலியஸ் அமைத்த 'குல்லெர்வோ' ஹெல்சின்கியில் அரங்கேறியது. நாட்டுப்புற மெட்டுகளை அவர் அப்படியே எடுத்தாளவில்லை. அவற்றின் குறுகிய சுர எல்லையையும், ஒரே சொற்றொடரைச் சிறிது சிறிதாக மாற்றித் திரும்பச் சொல்லும் பாங்கையும் தம்முடையவை ஆக்கிக்கொண்டார். இதைச் செவியால் உணர்த்த 'துவோனேலாவின் அன்னம்' போதும். துவோனேலா என்பது இறந்தோர் உலகம். அதைச் சுற்றி ஓடும் கரிய ஆற்றில் அன்னம் நீந்துகிறது. ஒலி அடக்கப்பட்ட வயலின்கள் பனிமூட்டம்போல் பரவி நிற்க, ஓபோ இனத்தைச் சேர்ந்த, அதைவிடத் தாழ்ந்த குரலுடைய கோர் ஆங்லே என்னும் குழல் தனியே பாடிச் செல்கிறது. சுமார் ஒன்பது நிமிடங்கள்; இடையில் யாரும் பேசாமல் முழுவதும் கேட்க வேண்டும்.

'ஃபின்லாந்தியா' அதற்குப் பிறகு வரட்டும். 1899 நவம்பரில், ரஷ்யப் பேரரசு பத்திரிகைகளின் வாயை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், பத்திரிகையாளர்களுக்காக நடந்த விழாவின் காட்சித் தொடருக்கு எழுதப்பட்ட இசையின் நிறைவுப் பகுதி அது. மறு ஆண்டு அவரே திருத்தி இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். நடுவில் வரும் அமைதியான மெட்டு நாட்டுப்புற மெட்டன்று, அவருடைய சொந்த ஆக்கம். கோரஸ் குழுக்கள் இன்று அதற்குப் பாடும், கவிஞர் கோஸ்கென்னியெமியின் சொற்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதப்பட்டவை.

மறுமொழி 2: ஐந்தாம்நரம்பு

மேலே எழுதியவருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஃபின்லாந்து மக்கள் ஆடிப் பாடிய இசை இல்லாமல் இந்த அறிமுகம் அரைகுறையாகவே நிற்கும். 'ஈவன் போல்கா'வைச் சிறியது என்று ஒதுக்க வேண்டாம். மெட்டு பழையது, சொற்களை ஏய்னோ கெத்துனன் 1928-இல் சாவோ வட்டார வழக்கில் எழுதினார். ஈவாவின் தாய் தடுத்தும் அவளோடு விடிய விடிய ஆடிய இளைஞன் சொல்லும் கதை அது. 1990-களின் நடுவில் லொய்துமா என்ற நால்வர் குழு கருவிகளே இல்லாமல் பாடிய பதிவுதான் 2006-இல் இணையத்தில் பரவியது. இணையத்தில் சுற்றிய துண்டில் இருப்பவை பெரும்பாலும் பொருளற்ற அசைகளே. ஆகையால் பாடலை முழுமையாகப் போடுங்கள். நான்கு குரல்களும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நகர்வது அப்போதுதான் புலப்படும்.

அக்கார்டியனுக்கு 'சாக்கியார்வி போல்கா'. 1941-இல் சோவியத் படை விய்புரி நகரை விட்டுப் பின்வாங்கியபோது, வானொலிக் குறிகையால் வெடிக்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுச் சென்றது. குறிப்பிட்ட மூன்று சுரங்கள் சேர்ந்து அந்த அலைவரிசையில் ஒலித்தால் அவை வெடிக்கும். அந்தக் குறிகை போய்ச் சேராதபடி ஃபின்லாந்துப் படையினர் அதே அலைவரிசையில் இந்தப் போல்காவை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருந்தார்கள். போருக்குப் பின் சாக்கியார்வி ஊரே எல்லைக்கு அப்பால் போய்விட்டது. இழந்த ஊரை நினைத்துப் பாடும் பாடலின் துள்ளலுக்குள் ஏக்கம் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதை உங்கள் குழுவினர் தாங்களே கண்டுகொள்வார்கள்.

டாங்கோவும் வேண்டும். உன்தோ மோனோனன் 1955-இல் எழுதி, 1962-இல் ரெய்யோ தய்பாலே பாடிப் புகழ்பெற்ற 'சாதுமா', கடலுக்கு அப்பால் இருக்கும் இன்ப நாட்டை நினைத்து, அங்கே போக முடியாதவன் பாடும் பாடல். அர்ஜென்டினாவில் பிறந்த ஆட்டம் இங்கே ஏறத்தாழ முழுக்கவும் சோகச் சாயலுக்கு மாறிவிட்டது. சேய்னயொகி நகரில் 1985 முதல் டாங்கோ விழாவே நடக்கிறது.

ஃபின்லாந்துப் பகுதியை இசையமைப்பாளர் ரவுதவாராவின் 'கான்டுஸ் ஆர்க்டிகுஸ்' கொண்டு முடிப்பேன். 1972-இல் ஔலு பல்கலைக்கழகத்துக்காக எழுதிய இந்தப் படைப்பில், வடக்கின் சதுப்பு நிலங்களில் ஒலிப்பதிவு செய்த பறவைகளே தனிப்பாடகர்கள். இரண்டாம் பகுதியில் ஒரு சிறு வானம்பாடியின் குரலை இரண்டு ஸ்தாயி தாழ்த்தியிருக்கிறார். கேட்டால் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பெரிய பறவை பாடுவதுபோல் இருக்கும். கடைசிப் பகுதியில் அன்னங்கள் கூட்டமாக வலசை போகின்றன. துவோனேலாவின் ஒற்றை அன்னத்தைக் கேட்டவர்களுக்கு இது எப்படி ஒலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுமொழி 3: பனிமான்தடம்

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். தனியாகவே வையுங்கள். சாமி மக்களின் தாயகமான சாப்மி, நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகிய நான்கிலும் பரந்து கிடக்கிறது; அந்த எல்லைகளை வகுத்தவர்கள் அவர்கள் அல்லர். ஃபின்லாந்துக்குள்ளேயே வடசாமி, இனாரி சாமி, ஸ்கோல்ட் சாமி என்று மூன்று மொழிகள் வழங்குகின்றன. பாடலுக்கும் அவை முறையே லுவோத்தி, லிவ்தே, லெவுத் என்று வெவ்வேறு பெயர்களை வைத்திருக்கின்றன. லெவுத் நீண்ட கதை சொல்லும். லுவோத்தியிலோ சில சொற்களும் 'லோ லா', 'நு நு' போன்ற அசைகளும் மட்டுமே இருக்கலாம்.

ஒருவரைப் 'பற்றி' யொய்க் பாடுவதில்லை. ஒருவரையே யொய்க் பாடுகிறார்கள். வடசாமி மொழியின் இலக்கணமே அப்படித்தான்: பாடப்படுபவர் அந்த வினைக்கு நேரடிச் செயப்படுபொருள். இதை விளக்கத் தமிழருக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. கபிலர் பாரியைப் பாடினார் என்கிறோமே, அந்த 'ஐ' உருபுதான் இது. ஒருவருக்கென்று அமைந்த லுவோத்தி, அதை அமைத்தவருக்கு அல்ல, பாடப்பட்டவருக்கே உரியது. மலைக்கும், ஓநாய்க்கும், துருவமானுக்கும் லுவோத்திகள் உண்டு. பாடுவதால் அவை அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன.

இந்தக் கலை பட்ட பாட்டையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கிறித்தவ சமயப் பரப்பாளர்கள் நொய்தி என்னும் பூசாரிகளின் பறைகளைப் பறித்து எரித்தார்கள். யொய்க் பாவம் என்ற எண்ணம் பின்னரும் பல குடும்பங்களில் நெடுங்காலம் நீடித்தது. ஆகவே 1968-இல் நில்ஸ் அஸ்லாக் வல்கேயாபா 'யொய்குயா' என்ற இசைத்தட்டை வெளியிட்டபோது, அது ஒரு மக்களுக்கு அவர்களது குரலைத் திருப்பித் தந்தது. எனொன்தேகியோ பகுதியில் துருவமான் மேய்க்கும் குடும்பத்தில் வளர்ந்த அவர், 1991-இல் நார்டிக் கவுன்சிலின் இலக்கியப் பரிசைப் பெற்றார். 1994-இல் லில்லெஹம்மர் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் யொய்க் பாடினார்.

அவருடைய 'பறவைச் சிம்பொனி'யிலிருந்து பத்து நிமிடம் போட்டால், ரவுதவாராவுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும். அங்கே பறவைகள் ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து பாடுகின்றன. இங்கே ஓடையும், மான் கழுத்து மணியும், பறவையும், மனிதக் குரலும் ஒரே வெளியில் இருக்கின்றன.

அடுத்த தலைமுறைக்கு விம்மே சாரியைச் சேருங்கள். வானொலி ஆவணக் காப்பகத்தில் தம் உறவினர் ஒருவர் பாடியிருந்த பழைய ஒலிநாடாவைக் கேட்டு யொய்க்கிடம் திரும்பியவர் அவர். பின்னணியில் மின்னணு இசை இருந்தாலும் குரல் தன் நிலையை விட்டுக்கொடுக்காது. பாடகி மாரி பொய்னேயின் 'குலா குலா' 1989-இல் வந்த புகழ்பெற்ற படைப்பு. ஆனால் அவர் நார்வேப் பக்கத்துச் சாமி என்பதைக் குறிப்பிட்டுவிடுங்கள். 'லாப்' என்ற பழைய சொல்லை அம்மக்கள் இழிவாகக் கருதுகிறார்கள். பழைய புத்தகங்களில் கண்டாலும் கூட்டத்தில் பயன்படுத்த வேண்டாம்.

வடகாற்று

மூவருக்கும் மிகுந்த நன்றி. யொய்க்கை முதலிலேயே வைத்து, பிறகு ரூனோ பாடலுக்கும் சிபேலியஸுக்கும் போகலாமா என்று இப்போது தோன்றுகிறது. ஒரே ஒரு கேள்வி. 'யொய்குயா'விலிருந்து சில பாடல்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பாதியில் அறுந்ததுபோல் திடீரென்று நின்றுவிடுகிறது. பதிவில்தான் குறையா?

பனிமான்தடம்

பதிவில் குறை இல்லை. யொய்க் வட்டமாகச் சுழல்வது. அதற்குத் தொடக்கமும் முடிவும் வைப்பதில்லை. பாடுபவர் மூச்சு எடுக்கும் இடமும், சொல்லின் நடுவே நிறுத்தும் இடமும் மரபுக்கு உட்பட்டவையே. ஆகையால் கருவியில் ஒலியை மெல்லக் குறைத்து முடிக்காதீர்கள். அது நிற்கும் இடத்தில் நிற்கட்டும். யொய்க்கை முதலில் வைக்கும் எண்ணமும் நன்று. ஆனால் அதற்கும் ரூனோ பாடலுக்கும் இடையே ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். இரண்டும் சில சுரங்களுக்குள் சுழல்வதால், அடுத்தடுத்துக் கேட்பவர்கள் ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.