விவாகரத்துக்குப் பின் பிள்ளைத் தாபரிப்பு: எவ்வளவு கொடுப்பது நியாயம்?

கேள்வி (கொக்குவில் வாசகர்):

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் அரச திணைக்களமொன்றில் முகாமைத்துவ உதவியாளராகப் பணியாற்றுகிறேன். எங்கள் விவாகரத்து 2019இல் முடிந்தது. நீதவான் நீதிமன்றக் கட்டளைப்படி இரண்டு பிள்ளைகளுக்குமாக மாதம் 18,000 ரூபாவை இன்றுவரை தவறாமல் வங்கியில் வைப்புச் செய்து வருகிறேன். இப்போது பிள்ளைகளின் தாயார் அதை 40,000 ரூபாவாக உயர்த்தித் தருமாறு கேட்கிறார். அவர் அரச பாடசாலை ஆசிரியை. தமது சீதன வீட்டில் இருப்பதால் வாடகையும் இல்லை. நானோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு, என் அம்மாவின் மருந்துச் செலவையும் பார்த்து வருகிறேன். இது போதாதென்று, பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ரியூசன், பரீட்சை என்று ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

அவருடைய சம்பளம் கணக்கில் எடுக்கப்படாதா? பிள்ளைகளைக் காட்டும்வரை தொகையில் பாதியை நிறுத்தி வைப்பது தவறாகுமா? விடயம் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

பதில் 1 (நல்லூர், சட்டத்துறையில் பணியாற்றுபவர்):

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் நீங்கள் சிக்கிக்கொள்ளக் கூடும். பாதியை நிறுத்த வேண்டாம். கட்டளையிட்ட தொகையில் நிலுவை விழுந்தால் உங்கள் சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழிக்க உத்தரவு வரலாம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகக் கேட்க வேண்டிய விடயம். அதை மறுப்பது பிழைதான். ஆனால் அந்தப் பிழைக்காகப் பிள்ளையின் சாப்பாட்டுக் காசைப் பிடித்து வைக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை, தரவும் கூடாது என்பதே என் கருத்து.

இனி முதற்கேள்வி. 1889ஆம் ஆண்டுத் தாபரிப்புக் கட்டளைச் சட்டத்தில் பிள்ளையைப் பராமரிக்கும் சுமை ஆணின் தலையில் மட்டுமே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், போதிய வருமானமுள்ள தாய், தந்தை இருவருக்குமே பிள்ளையைப் பராமரிக்கும் கடமையை விதிக்கிறது. ஆகவே ஆசிரியையின் சம்பளத்தை நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவர உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இலங்கையில் இன்ன சம்பளத்துக்கு இத்தனை வீதம் என்ற அட்டவணை எதுவும் கிடையாது. நீதவான் பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்த்துத் தமது தற்றுணிபில் தொகையைத் தீர்மானிக்கிறார். ஒரே சம்பளம் வாங்கும் இருவருக்கு இரு வேறு தொகைகள் விதிக்கப்படுவதும், அதனால் எழும் மனக்குறையும் இதனால்தான்.

நான் சரியெனக் கருதும் கணக்கைச் சொல்கிறேன். பிள்ளைகளின் உண்மையான மாதச் செலவு 63,000 ரூபா என்றும், உங்கள் இருவரின் கைக்கு வரும் சம்பளம் ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் இருக்கிறதென்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு 35,000, அவருடைய பங்கு 28,000. சூழ்நிலை மாறியிருப்பதை நிரூபித்தால் கட்டளையை மாற்றுமாறு இரு தரப்பில் எவரும் விண்ணப்பிக்கலாம். சம்பளப் பட்டியல், வாடகை ஒப்பந்தம், அம்மாவின் மருந்துப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

பதில் 2 (சுன்னாகம், இரண்டு பிள்ளைகளின் தாய்):

மேலே தரப்பட்ட கணக்கு சரியானதே, ஆனால் அது முழுமையானதல்ல. 2019இல் விதித்த 18,000 ரூபாவை இன்றும் அதே தொகையாக நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது, உணவுக்கு மட்டும் 90 வீதத்தையும் தாண்டியது. பிறகு பணவீக்கம் இறங்கியதே தவிர, ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளமும் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்தத் தீர்மானிக்கப்பட்டது. உங்கள் சம்பளம் 2019இல் இருந்த இடத்தில் இல்லையல்லவா? பிள்ளைகளின் தொகை மட்டும் ஏன் அங்கேயே நிற்க வேண்டும்?

பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது, உண்மைதான். துணியைத் தைக்கத் தையற்காரருக்குக் கொடுப்பது யார்? சப்பாத்து, புத்தகப்பை, கொப்பிகள், சாதாரண தரத்துக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி ரியூசன் காசு, நடுவில் மகளின் கண்ணாடி இலக்கம் மாறினால் அந்தச் செலவு. என் கொப்பியில் இவற்றை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். வழக்கில் பேசியதும் அந்தக் கொப்பிதான். சீதன வீடு என்றால் செலவில்லை என்றும் நினைக்காதீர்கள். ஓடு மாற்றுவதும் கிணற்று மோட்டர் திருத்துவதும் என் கைக்காசில்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அந்த வீடு என் பெற்றோர் எனக்குத் தந்த சொத்து. அதை உங்கள் பங்கில் கழிவாகக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரவில் காய்ச்சலென்றால் விழித்திருப்பதும், விடிந்ததும் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பதும் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

ஆனாலும் பிள்ளைகளைத் தந்தைக்குக் காட்டாமல் விடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஞாயிறு பின்னேரம் ரியூசன் இல்லாத நேரமொன்றை எழுத்தில் கேளுங்கள்.

பதில் 3 (பல்கலைக்கழக மாணவன், சாவகச்சேரி):

நான் பிள்ளையின் இடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மாதத் தொடக்கத்தில் ‘அப்பாவின் காசு வந்ததா’ என்ற பேச்சு எழும்போதெல்லாம், சாப்பிடுவதற்கே கூச்சமாக இருக்கும். இரு தரப்பாரும் அந்தப் பேச்சைப் பிள்ளைகளின் காதுக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 18 வயதோடு முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். உயர்தரப் பரீட்சை எழுதும்போதே எனக்குப் பத்தொன்பது வயது. 18 முதல் 25 வயதுவரையான, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கும் மேலே சொன்ன 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. முழுத் தொகையையும் வழமைபோல் செலுத்துவேன். சீதன வீட்டைப் பற்றிச் சகோதரி கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் அம்மாவின் மருந்துச் செலவையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பிள்ளைகளின் மாதச் செலவை எழுதித் தருமாறு தாயாரிடம் கேட்டுக் கடிதம் எழுதப் போகிறேன். ஞாயிறு பின்னேரத்தையும் அதே கடிதத்தில் கேட்பேன். மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் செல்வேன். கட்டணம் கொடுத்து வழக்காட வசதியில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் உதவுவதாக அறிகிறேன். என் சம்பளத்துக்கு அங்கே இடம் கிடைக்குமா என்பதை நல்லூர் ஐயா கூறினால் உதவியாக இருக்கும்.