8 மாதப் பிள்ளை கட்டிலைப் பிடிச்சு எழும்பி நிற்கிறான், இரவில் என்னென்ன மாற்றணும்?

லிந்துலை அம்மா:

மகனுக்கு 8 மாதம். தவழத் தொடங்கிட்டான், இப்ப கம்பைப் பிடிச்சு எழும்பியும் நிற்கிறான். தலைமாட்டில் படுக்க வச்சா விடியும்போது கால்மாட்டில் கிடக்கிறான். கம்பளி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.

பேபி கட்டில் சொந்தக்காரர் தந்தது, பழைய மரக்கட்டில். ஒரு பக்கத்தைக் கீழே இறக்கலாம். அளந்து பார்த்தேன். உள் நீளம் 120 செ.மீ., அகலம் 60. நீளப் பக்கத்தில் 2 செ.மீ. கம்பு 12 இருக்கு, கம்புக்குக் கம்பு இடைவெளி ஏறத்தாழ 7.4 செ.மீ. மெத்தைக்கும் பக்கத்துக்கும் நடுவில் 5 செ.மீ. சந்து. மெத்தை மேலிருந்து விளிம்பு வரை 35 செ.மீ.

மாமி சுத்திவர தலையணை அடுக்கச் சொல்றாங்க. இல்லாட்டி பழையபடி சேலைத் தொட்டிலில் போடச் சொல்றாங்க. குப்புறப் படுத்துத் தூங்குறான், ஒவ்வொரு முறையும் எழும்பித் திருப்பிப் போடணுமா? எங்களுடையது மலைத்தோட்டத்து லயத்து (வரிசை) வீடு, தகரக் கூரை, ஜனவரிக் குளிர். கம்பளி நிற்காட்டி என்ன செய்றது?

மடுவத்து அக்கா:

தங்கச்சி, அளவோட எழுதினதால் நேராகவே சொல்லலாம். அந்தக் கட்டிலில் இன்றிரவு பிள்ளையைப் போட வேண்டாம். 7.4 செ.மீ. இடைவெளியில் பிள்ளையின் காலும் இடுப்பும் வெளியே வழுகிப் போகும், தலை போகாது. உடம்பு வெளியே தொங்க, கழுத்து கம்புக்கு நடுவில் மாட்டிக்கும். கம்பு இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது அதுக்காகத்தான். அளவுகோல் இல்லாதவங்க குளிர்பான டின் ஒன்றைக் கம்புக்கு நடுவில் விட்டுப் பாருங்க. டின் உள்ளே போனால் கட்டில் ஆகாது.

கட்டில் சரியாகும் வரை மெத்தையைத் தரையில் போடுங்க. சிமெந்துத் தரை குளிரை இழுக்கும், அதனால் அடியில் பலகையோ இரண்டு பாயோ விரிச்சு அதுக்கு மேல் மெத்தை. சுவரை ஒட்டிப் போடாதீங்க, பிள்ளை உருண்டு சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் முகம் புதைஞ்சு மாட்டிக்கும். சுத்திவர ஒன்றரை அடி வெளி விடுங்க. அடுப்படிக் கதவைக் கொண்டி போட்டு அடைக்கணும். தவழுற பிள்ளைக்கு அந்த அறை முழுக்கக் கட்டில்தான், அதனால் வயர், வாளித் தண்ணி, மண்ணெண்ணெய்ப் போத்தல் எல்லாம் வெளியே போகணும்.

தலையணை வேண்டாம். இதில் மாமியோட கொஞ்சம் உறுதியாக நில்லுங்க. அடி படாமல் இருக்கணும் என்ற அக்கறையில்தான் சொல்றாங்க, ஆனால் எழும்பி நிற்கிற பிள்ளைக்குத் தலையணை ஏறுபடி. அதில் கால் வச்சால் விளிம்பு இடுப்பளவுக்கு வந்துடும், தலைகீழாக வெளியே விழும். அயர்ந்து தூங்கும்போது முகம் அதில் புதைஞ்சால் மூச்சு முட்டும். பேபி செட்டோட வாற உருளைத் தலையணையும், கம்பில் கட்டுற பஞ்சு மறைப்பும் இதே கதைதான். அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே அந்தப் பஞ்சு மறைப்பு விற்கிறதைத் தடை செய்தாங்க. கம்பில் தலை இடிச்சால் ஒரு வீக்கம் வரும், அழுதுட்டு விடுவான். மூச்சு அடைச்சால் சத்தமே வராது.

சேலைத் தொட்டில் உருளத் தெரியாத பிள்ளைக்கு, அதுவும் பகலில், யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும். இப்ப அவன் அதுக்குள் எழும்ப முயற்சி செய்வான். சேலை முறுக்கிக் கழுத்தைச் சுத்தும், இல்லாட்டி ஒரு பக்கம் சரிஞ்சு கீழே கொட்டும். இரவில் கண்டிப்பாக வேண்டாம்.

குப்புறப் படுக்கிறதைப் பற்றி: தூங்க வைக்கும்போது எப்பவும் மல்லாக்கத்தான் போடணும், ஒரு வயது வரை. ஆனால் இரண்டு பக்கமும் தானாக உருளத் தெரிஞ்ச பிள்ளை தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் அப்படியே விடலாம். நீங்க இரவு முழுக்கக் காவல் இருக்கத் தேவையில்லை. அதுக்கு ஒரு நிபந்தனை: கட்டிலுக்குள் மெத்தையும் இழுத்துக் கட்டின விரிப்பும் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. கரடிப் பொம்மை, மடிச்ச துவாய், நெப்கின் அடுக்கு, எதுவுமே. கையைச் சேர்த்துத் துணியில் சுத்துறதை உருள முயற்சி தொடங்கின நாளோட நிறுத்தியிருக்கணும். குப்புறத் திரும்பின பிள்ளைக்குத் தலையைத் தூக்கக் கை வேணும்.

இன்னொன்று. கழுத்தில் பஞ்சாயுதம், தாயத்துக் கயிறு, பாசிமணி இருந்தால் படுக்கப் போடும்போது கழற்றுங்க. கட்டில் மூலைக் குமிழில் கயிறோ சட்டைக் கழுத்தோ மாட்டி, பிள்ளை கால் மடங்கி உட்கார்ந்தால், அவன் பாரமே கழுத்தை இறுக்கிடும்.

பலகை பாஸ்:

அந்தக் கட்டிலைத் திருத்தலாம், மரம் உளுத்துப் போகாமல் இருந்தால். பேனாக்கத்தி நுனியால் கால்களில் குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினால் விறகுக்கு எடுங்க.

நிறைய பேர் செய்ற பிழை, இடைவெளிக்கு நடுவில் ஒவ்வொரு கம்பு அடிக்கிறது. 7.4-க்கு நடுவில் 2 செ.மீ. கம்பு வச்சால் மிச்சம் 2.7. அதில் பிள்ளையின் கைகால் போய் இறுகும். 4.5-க்கும் 6-க்கும் நடுவில் நிற்கிறதுதான் நல்ல இடைவெளி. உங்க 120 செ.மீ. நீளத்துக்கு 12 கம்புக்குப் பதில் 15 கம்பு போட்டால் இடைவெளி 5.6 செ.மீ. வரும். பழைய மேல்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் புதுத் துளை போட்டால் துளைக்குத் துளை நெருங்கிச் சட்டம் பலமிழந்துடும். நாலு சட்டத்தையும் புதுசாகப் போடச் சொல்லுங்க, பெரிய செலவில்லை. கம்பு முனை சட்டத்துக்குள் ஒன்றரை செ.மீ.யாவது இறங்கணும், மரப்பசை வைக்கணும், கையால் திருகினால் சுழலக் கூடாது. பலகை நல்லாக் காய்ஞ்சதாக இருக்கணும். மழைக் காலத்தில் ஈரப் பலகையில் செய்த கட்டில் ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் சுருங்கும், கம்பெல்லாம் ஆடும்.

இறங்குற பக்கம்தான் எனக்குப் பயம். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கொக்கி தேய்ஞ்சுடும். பிள்ளை பிடிச்சு ஆட்டும்போது ஒரு மூலை மட்டும் கழன்று, மெத்தைக்கும் பக்கத்துக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு வெளி உண்டாகும். பிள்ளை அதுக்குள் வழுகும். அமெரிக்காவில் 2011-ல் இந்த வகைக் கட்டிலையே தடை செய்தாங்க. பக்கத்தை மேலே ஏற்றி நிரந்தரமாகப் பூட்டுங்க. அந்தப் பக்கத்தின் இரண்டு காலிலும் இரண்டிரண்டு, மொத்தம் நாலு 6 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் வொஷர், நைலோன் நட் வெளிப்பக்கம். மிஞ்சுற போல்டை அறுத்து அரத்தால் தேய்க்கணும். ஆணி வேண்டாம், ஆட்ட ஆட்டத் தளரும்.

மெத்தை தாங்குற தட்டைக் கடைசி மட்டத்துக்கு இறக்குங்க. மெத்தை மேலிருந்து விளிம்பு 50 செ.மீ. இருக்கணும். இறக்கத் துளை இல்லாட்டி கால்களின் உள்பக்கம் இரண்டுக்கு இரண்டு அங்குலக் கட்டையைப் போல்ட் போட்டுப் பூட்டி அதுக்கு மேல் தட்டை வைக்கலாம். தட்டின் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம், நிற்கிற பிள்ளை குதிக்கும்.

மெத்தைச் சந்தில் துவாய் சொருகாதீங்க, அது மேலே கிளம்பி வரும். குஷன் கடையில் உள் அளவு கொடுத்து 10 செ.மீ. கனத்தில் இறுக்கமான ஃபோம் வெட்டுங்க. சந்து இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தவுடனே மேலே வரணும், கை அடையாளம் நின்றால் அது பிள்ளைக்கு மெத்து அதிகம்.

மூலைக் குமிழை விளிம்பு மட்டத்துக்கு அறுத்துடுங்க. பெயின்ட் உரிஞ்சிருக்கா பாருங்க, பல் வரும்போது அவன் மேல்சட்டத்தைக் கடிப்பான். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்கு வரம்பு 2013-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தின எனாமல் என்றால் வீட்டுக்குள் வச்சுச் சுரண்டாதீங்க, அந்தத் தூள்தான் விஷம். சட்டத்தையே மாற்றுறது சுலபம்.

லிந்துலை அம்மா:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. தச்சு வேலை செய்ற பாஸ் ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கோம். மெத்தை இப்ப தரையில். குளிருக்கு என்ன செய்றது? இங்கே சில வீடுகளில் கரிச்சட்டி வைக்கிறாங்க.

பண்டாரவளை நர்ஸ்:

கரிச்சட்டி வேண்டாம் தங்கச்சி. தணல் புகையில்லாமல் சிவந்து கிடக்கும்போதுதான் ஆபத்து, காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்குப் பயந்து சந்து பொந்தில் எல்லாம் சாக்கு அடைச்ச அறையில் அது தேங்கி, தூக்கத்திலேயே ஆளை எடுக்கும். பெரியவங்களை விடப் பிள்ளை வேகமாக மூச்சு எடுக்கிறதால் அவனுக்கு முதலில் ஏறும். மண்ணெண்ணெய் ஹீட்டரும் சாம்பிராணிச் சட்டியும் இதில் சேர்த்தி. குளிப்பாட்டிப் புகை காட்டினாலும் சட்டியை வெளியே எடுத்துட்டுக் கதவைத் திறந்து வைங்க. காலையில் வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்ந்து தலையிடி, வாந்தி என்றால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்துட்டு 1990 அம்புலன்ஸுக்கு எடுங்க.

அறையைச் சூடாக்குறதை விடப் பிள்ளைக்கு உடுத்துறதில்தான் விஷயம் இருக்கு. தோலை ஒட்டிக் கை இல்லாத பருத்திப் பெனியன், அதுக்கு மேல் கை கால் மூடின ஃபிளனல் சட்டை, காலுறை, அதுக்கு மேல் தூக்கப் பை. உருள உருள கழன்று போகாத கம்பளி என்றால் அது இந்தப் பைதான். கடையில் வாங்கினால் லேபலில் டொக் (TOG) அளவு இருக்கும், எவ்வளவு சூடு பிடிச்சு வைக்கும் என்ற கணக்கு அது. அறை 16 முதல் 20 பாகை என்றால் 2.5 டொக், அதுக்குக் கீழே 3.5. உங்க பக்கம் ஜனவரி இரவுக்கு 3.5 வேணும்.

தையல்காரரிடம் தைக்கலாம். இரண்டு அடுக்கு ஃபிளனல், நடுவில் மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சு, தையல் போட்டுப் பஞ்சு நகராமல் பிடிக்கணும். நீளம் தோளிலிருந்து குதிக்கால் வரை அளந்து 10 செ.மீ. கூட. கை வேண்டாம், தொப்பியும் வேண்டாம். முக்கியமான அளவு கழுத்துதான்: சிப் பூட்டின பிறகு துணிக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் போகலாம், தலை உள்ளே வழுகக் கூடாது. அக்குளும் அப்படியே. சிப்பின் மேல் முனைக்கு ஒரு துணி மூடி வைங்க. கட்டுக்கயிறு, நாடா, பாரத்துக்குப் போடுற மணி, எதுவும் வேண்டாம். பையோட இருந்தால் கால் கம்புக்கு வெளியே போகாது, விளிம்பில் தூக்கி வைக்கிறதும் கஷ்டம்.

கம்பளித் தொப்பியைத் தூங்கும்போது கழற்றுங்க. கீழே இறங்கி மூக்கை மூடும், சூடு கூடினாலும் தலை வழியாகத்தான் வெளியேறணும். கை கால் சில்லென்று இருந்தால் பயப்படாதீங்க. பிடரியிலோ நெஞ்சிலோ கை வச்சுப் பாருங்க. வேர்வை இருந்தால் ஒரு அடுக்கு குறைக்கணும், குளிர்ந்திருந்தால் ஒன்று கூட்டணும். சுடுதண்ணிப் பையால் படுக்கையைச் சூடாக்கலாம், பிள்ளையைப் போட முந்தி எடுத்துடணும்.

தகரக் கூரையை மறக்காதீங்க. விடியற்காலையில் உள்பக்கம் பனித்தண்ணி கோர்த்துச் சொட்டும். டோர்ச் அடிச்சுச் சொட்டுற வரிசை எது என்று பார்த்து அதுக்கு விலக்கிக் கட்டிலைப் போடுங்க. ஜன்னல், திரைச்சீலைக் கயிறு, பிளக் பொயின்ட், தட்டு, எதுவும் அவன் நின்று கை நீட்டினால் எட்டக் கூடாது.

குளிருக்காகப் பெரிய கட்டிலில் பக்கத்தில் போடுற வழக்கம் நம்ம பக்கம் இருக்கு. வீட்டில் யாராவது குடிச்சிருந்தால், புகைக்கிறவங்க என்றால், கண்டிப்பாகக் கூடாது. பிள்ளை தன் கட்டிலில், உங்க அறையில். அதுதான் நல்லது.

லிந்துலை அம்மா:

இன்னொரு கேள்வி. நடுராத்திரி எழும்பி நின்னுட்டு, உட்காரத் தெரியாமல் கத்துறான்.

மடுவத்து அக்கா:

எழும்பப் பழகி, இறங்கப் பழக இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும். பகலில் ஸ்டூலைப் பிடிச்சு நிற்க வைங்க. விளையாட்டுச் சாமானைக் கீழே தரையில் வைங்க. ஒரு கையை விடுவான், அப்ப முழங்காலுக்குப் பின்னால் மெதுவாகத் தொட்டு மடக்கி உட்கார வைங்க. தினமும் ஒரு பத்துத் தடவை. இரவில் விளக்கைப் போடாமல், பேச்சை நீட்டாமல், அதே மாதிரி மடக்கிப் படுக்க வச்சுட்டு விலகுங்க. மறுபடி எழும்புவான், மறுபடி அதே. தூக்கி எடுத்தால் நிற்கிறதுக்குப் பலன் கிடைக்கும், விட மாட்டான்.

கால் கம்பில் மாட்டிக் கத்தினால் இழுக்காதீங்க. முழங்காலை மடக்கித் தொடையை உள்ளே தள்ளினால் வரும், வராட்டி கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

நின்றால் விளிம்பு அவன் நெஞ்சுக் காம்பு மட்டத்துக்கு வந்துட்டா, இல்லாட்டி உயரம் 89 செ.மீ. ஆயிட்டா, அதுக்கு முந்தியே காலைத் தூக்கி விளிம்பில் வச்சால், அந்த நாளோட கட்டில் முடிஞ்சது. பிறகு தரை மெத்தைதான்.