அந்த 200 ரூபாய் பிச்சையா?

தளவாக்கலை வாசகன்:
"மலையகத்தவன் அரசாங்கத்தை எதிர்பார்த்தே கெட்டான். வேலைக்கு வருவதற்குக் கொடுக்கும் 200 ரூபாயும் பிச்சைதான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இலங்கையின் 2026 வரவு செலவுத் திட்டத்தின்படி மலையகத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாயிலிருந்து 1550 ஆனது. அது கம்பனி கொடுப்பது. வேலைக்கு வந்த நாளுக்கு மட்டும் அரசாங்கம் 200 சேர்க்கிறது. அட்டைக்கடியோடு மலையேறி நிற்பவளுக்குக் கொடுப்பது எப்படிப் பிச்சையாகும்?

பண்டாரவளை மைந்தன்:
எழுதியவன் நான்தான், ஒளிந்துகொள்ளவில்லை. உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டியவன் கம்பனிக்காரன். அவன் கொடுக்காததை வரிப்பணத்தில் கொடுத்தால் அதற்குப் பெயர் பிச்சைதான். என் அம்மா தோட்டை அடகு வைத்து எங்களைப் படிக்க வைத்தார். எந்த மந்திரியும் அந்தத் தோட்டை மீட்டுத் தரவில்லை.

தளவாக்கலை வாசகன்:
அம்மாவைக் கும்பிடுகிறேன். ஆனால் தோடு ஏன் அடகுக்குப் போனது? நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். நடுவில் எத்தனை பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு போனார்கள்? 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்ததும், 1964இல் எங்கள் ஆட்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கு போட்டதும் அரசாங்கம். 1992இல் கம்பனிகளுக்குப் போனது தோட்ட நிர்வாகம் மட்டும்தான். காணி இன்றும் அரசாங்கத்தினுடையது. காணிக்காரன் தன் காணியில் உழைப்பவளுக்கு 200 கொடுத்தால் பிச்சையா? பதில் சொல்லுங்கள்.

பண்டாரவளை மைந்தன்:
இன்னும் எத்தனை தலைமுறைக்கு 1948 என்றே சொல்லிக்கொண்டிருப்பீர்கள்? சம்பள நாளன்று கசிப்புக்கு, அந்தக் கள்ளச் சாராயத்துக்குப் போகும் காசை எந்தச் சட்டம் பறித்தது? என் தம்பி கொழும்பில் கடையில் நின்று, சீட்டுப் பிடித்து வீடு கட்டினான். யாரிடமும் கையேந்தவில்லை.

பசறைக் கொழுந்துக்காரி:
அண்ணா, கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கசிப்புக் கணக்கை எங்கள் தலையில் கட்டாதீர்கள். விடியுமுன் சமைத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறோம். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அரைப்பேருக்கு அந்த 200 உண்டா என்று கேட்டால் எங்கள் கணக்கப்பிள்ளை வாய் திறப்பதில்லை. இதற்கு மேல் என்ன தியாகம் செய்யச் சொல்கிறீர்கள்? உங்கள் தம்பி வீடு கட்டினார், சரி. யார் காணியில்? நாங்கள் இருக்கும் லயன் வரிசை வீட்டில் ஒரு கூரைத்தகரம் மாற்றவும் தோட்டத்துரையிடம் கேட்க வேண்டும்.

ஹட்டன் பழைய தொண்டர்:
1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். 2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளமும் சும்மா வரவில்லை. தொழிற்சங்கம் இல்லாவிட்டால் அந்த 200ம் இல்லை, இதை இருவரும் மறந்துவிட்டீர்கள்.

பண்டாரவளை மைந்தன்:
மாதாமாதம் சம்பளத்தில் சங்கச் சந்தா வெட்டுகிறவர்களும் வந்துவிட்டார்கள். அரசாங்கத்தை நம்பச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே!

ஹட்டன் பழைய தொண்டர்:
சந்தாவைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி? கடந்த தேர்தலில் யார் மேடையில் நின்றீர் என்று எனக்குத் தெரியும்.

பண்டாரவளை மைந்தன்:
எந்த மேடையிலும் நிற்கவில்லை. நிரூபியுங்கள், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள்.

தளவாக்கலை வாசகன்:
மேடையையும் சந்தாவையும் தள்ளி வையுங்கள். போன மாதம் வீட்டுத்திட்ட விவாதத்திலும் மைந்தன் இப்படித்தான் பேச்சைத் திருப்பினார். தேயிலை, ஏலக்காய், கோப்பி என்று இந்த நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிகள். தனிமனிதப் பொறுப்பை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பொறுப்பில்லாமல் இருந்தது அரசாங்கம். இப்போதுதான் 200 ரூபாய் அளவுக்குப் பொறுப்பு வந்திருக்கிறது. பிச்சை என்ற சொல்லை வாபஸ் வாங்குங்கள்.

பண்டாரவளை மைந்தன்:
வாங்க மாட்டேன். 1750ஐயும் கம்பனி கொடுக்கட்டும், அன்றைக்குக் கூலி என்கிறேன்.

தளவாக்கலை வாசகன்:
கம்பனி கொடுக்கும் வரை அவள் அடுப்பு எரிய வேண்டாமா? மறுபடியும் கேட்கிறேன்: காணி யாருடையது?

பண்டாரவளை மைந்தன்:
முதலில் அந்த மேடைக் கதைக்கு ஹட்டன்காரர் ஆதாரம் காட்டட்டும்.