தொலைவிலிருந்து நேசிக்கப்படும் அணி: ரசிகர் என்ற உரிமை யாருக்கு?

நடுக்களம்:

கால்பந்து ரசிகர்களிடையே அடிக்கடி எழுந்து, யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காகப் பாதியிலேயே கைவிடப்படும் ஒரு கேள்வியை இங்கே முழுமையாகப் பேசிப் பார்க்க விரும்புகிறேன். ஓர் அணி கோப்பைகளைக் குவிக்கும் காலத்தில் அதைத் தொலைக்காட்சியில் கண்டு, மனத்தைப் பறிகொடுத்து, அதன் ஜெர்சியை வாங்கி அணிபவரும், அந்த அணியின் மைதானத்துக்குத் தாத்தாவின் கையைப் பிடித்துச் சென்று வளர்ந்தவரும் ஒரே பொருளில் ரசிகர்கள்தாமா? இல்லை என்பதே என் கருத்து. முன்னவரின் ஈடுபாடு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு வகையானது என்கிறேன்.

மான்செஸ்டர் சிட்டி 1998-99 பருவத்தில் இங்கிலாந்தின் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடியது. அந்தப் பருவத்திலும் அதன் சொந்த மைதானத்துக்கு ஆட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 28,000 பேர் வந்தார்கள். கோப்பைக்கான நம்பிக்கையோ நட்சத்திர வீரர்களோ இல்லாத நிலையில் அவர்களை வரவழைத்தது, விட்டுவிட முடியாத ஓர் உறவு. 2008-இல் அபுதாபி முதலீட்டாளர்கள் கிளப்பை வாங்கி, வெற்றிகள் வரத் தொடங்கிய பிறகு உலகெங்கும் சிட்டி ரசிகர்கள் பெருகினார்கள். நாளை அந்தப் பணம் நின்று, அணி மீண்டும் கீழ்ப்பிரிவுக்குச் சரிந்தால் யார் எஞ்சுவார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இளவேனில்:

நடுக்களம் அவர்களே, நீங்கள் ஊரையும் பரம்பரையையும் அசையாத அடித்தளமாக வைத்துப் பேசுகிறீர்கள். கிளப்புகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்த அடித்தளமே எவ்வளவு தற்செயலானது என்பது விளங்கும். ஆர்செனல், லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே, வூலிச்சின் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 1886-இல் தொடங்கிய அணி. கூட்டம் போதவில்லை, பணம் போதவில்லை என்று 1913-இல் நதியைக் கடந்து வடக்கே ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது. இன்று வடக்கு லண்டனின் அடையாளம் என்று தலைமுறைகள் போற்றும் அணி, அங்கே வந்தேறிய அணி. லிவர்பூல் கிளப் பிறந்ததற்குக் காரணம் 1892-இல் ஆன்ஃபீல்டு மைதானத்தின் வாடகையை ஒட்டி எழுந்த தகராறு. அதுவரை அங்கே ஆடிவந்த எவர்ட்டன் அணி கோபித்துக்கொண்டு வெளியேறியது. காலியான மைதானத்தில் ஆட ஒரு புதிய அணி உருவாக்கப்பட்டது. அந்தத் தகராறு சுமுகமாக முடிந்திருந்தால், இன்று லிவர்பூலின் சிவப்புச் சட்டைக்காக உருகும் எத்தனை குடும்பங்கள் எவர்ட்டனின் நீலச் சட்டைக்காக உருகிக்கொண்டிருக்கும்! காட்டலோனிய மக்களின் பெருமிதமாக விளங்கும் பார்சிலோனாவை 1899-இல் தொடங்க முன்னின்றவர் ஜோன் காம்பர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். அதே ஆண்டில் தோன்றிய மிலான் அணியின் நிறுவனர்களுள் முதன்மையானவர் ஓர் ஆங்கிலேயர்.

வாடகைத் தகராறின் விளைவாகக் கிடைத்த அணியைத் தாத்தா தந்ததால் ஏற்றுக்கொள்பவருடைய அன்பு உயர்ந்தது என்றும், நூறு அணிகளைப் பார்த்து, ஒன்றின் ஆட்டமுறையில் மனம் ஒன்றி அதைத் தேர்ந்தெடுத்தவருடைய அன்பு தாழ்ந்தது என்றும் எந்த அளவுகோலால் சொல்கிறீர்கள்?

வெற்றியைத் துரத்துபவர்கள் என்ற குற்றச்சாட்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. வங்கதேசத்தில் அர்ஜென்டினா அணிக்குக் கோடிக்கணக்கில் ரசிகர்கள் இருக்கிறார்கள். 1986 உலகக் கோப்பையில் மாரடோனா ஆடிய ஆட்டத்தில் வேரூன்றிய அந்த அன்பு, 1990 இறுதிப் போட்டித் தோல்வியையும், 2002-இல் முதல் சுற்றிலேயே வெளியேறிய அவலத்தையும், 2014 இறுதிப் போட்டித் தோல்வியையும் தாங்கி நின்றது. அடுத்த கோப்பை 2022-இல்தான் வந்தது. 36 ஆண்டுகள் காத்திருந்தவர்களை வெற்றியைத் துரத்துபவர்கள் என்று எப்படி அழைப்பது? 1978-இல் டாக்காவில் மூடிய தூதரகத்தை அர்ஜென்டினா 2023 பிப்ரவரியில் மீண்டும் திறந்தது. அந்த முடிவுக்கு வணிகக் காரணங்களும் உண்டு. ஆனால் ரசிகர்களின் அந்த அன்பு அதில் ஆற்றிய பங்கை இரு நாடுகளும் வெளிப்படையாகவே பேசின.

கதிரொளி:

இருவரும் பற்றுதலின் தோற்றுவாயைத் தேடுகிறீர்கள். உளவியல் இதில் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஹென்றி தாஜ்ஃபெல் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட சோதனைகளில், பள்ளிச் சிறுவர்களைக் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களுள் யாருடைய படம் பிடித்தது என்பதன்படி இரு குழுக்களாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பிரிவு குருட்டுவாக்கில் செய்யப்பட்டது. தம் குழுவில் வேறு யார் இருக்கிறார் என்றுகூட அறியாத அந்தச் சிறுவர்கள், பரிசைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவினருக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். பற்று உண்டாவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பதையே இது காட்டுகிறது.

வெற்றியின் ஒளியில் குளிர்காய்வது தொலைதூர ரசிகருக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது, வேறு விளையாட்டு. ஆயினும் இங்கே பொருந்தும். பல்கலைக்கழக அணி சனிக்கிழமை வென்றிருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ பொறித்த உடையில் வந்த மாணவர்கள் அதிகமாக இருந்தார்கள். அவர்கள் அனைவரும் அந்த வளாகத்திலேயே இருந்தவர்கள்.

நடுக்களம்:

தோற்றம் தற்செயலானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் வாதம் தோற்றத்தில் தொடங்கினாலும், அதன் எடை முழுவதும் அதன் பின் வரும் பொறுப்பில் இருக்கிறது. விம்பிள்டன் கிளப்பின் கதையைப் பாருங்கள். 1988-இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றிய அணி அது. சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்ட்டன் கீன்ஸ் நகருக்கு அதைக் கொண்டுசெல்ல 2002 மே மாதம் ஒரு குழு அனுமதி அளித்தது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அதில் எந்த இழப்பும் இல்லை. அதே வீரர்கள், அதே திரை. மைதானத்துக்குச் சென்றவர்களோ அந்த அணியைத் துறந்து, சில வாரங்களுக்குள் தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். வீரர்களைத் தெரிவு செய்ய விம்பிள்டன் பொதுவெளிப் புல்தரையில் யாரும் வரலாம் என்று அழைத்தார்கள். ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேற்பிரிவுகளுக்கு உயர்ந்து, 2011-இல் அந்த அணி இங்கிலாந்தின் தொழில்முறைப் பிரிவுகளான ஃபுட்பால் லீகில் இடம்பெற்றது. 2020 நவம்பரில், பழைய மைதானத்துக்கு மிக அருகே, அதே ப்ளோ லேனில் தம் புதிய ஸ்டேடியத்துக்குள் நுழைந்தார்கள். அதற்கான நிதியில் ஒரு பகுதியை ரசிகர்களே கடனாகக் கொடுத்திருந்தார்கள்.

பெர்லினில் உள்ள உனியோன் அணியின் ஸ்டேடியத்தைச் சீரமைக்கப் பணமில்லாதபோது, 2008-09இல் 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலி வாங்காமல் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி, பின்னாளில் இறந்தவரையும் சேர்த்து, 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் மீதே பழி சுமத்தப்பட்டது. சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு 2016-இல் வரும் வரை, 27 ஆண்டுகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றவர்கள் அந்தக் குடும்பங்களும் லிவர்பூல் நகரத்து மக்களும். லிவர்பூல் ரசிகர் என்ற பெயருக்குள் அந்த 27 ஆண்டுகளும் அடங்கியிருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோல்களின் தொகுப்பைப் பார்த்து வந்த ஒருவர் அந்தப் பெயரை எவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாறன்:

நான் வேறொரு கோணத்திலிருந்து பேசுகிறேன். எனக்கு அணி முக்கியமில்லை, வீரரே முக்கியம். மெஸ்ஸி பார்சிலோனாவில் ஆடியபோது அந்த அணியைப் பார்த்தேன். 2021-இல் பாரிசுக்குச் சென்றபோது அங்கே சென்றேன். 2023-இல் இன்டர் மியாமிக்குச் சென்றபோது அங்கும் சென்றேன். ஒரு கலைஞனின் கலையைப் பின்தொடர்வது போன்றது இது. கிளப் என்பது நிறுவனம். அதன் உரிமையாளர் மாறுவார், பயிற்சியாளர் மாறுவார், சின்னம்கூட மாறும். மனிதனை நேசிப்பதே எனக்கு நேர்மையாகப் படுகிறது.

இளவேனில்:

மாறன், உங்கள் ரசனையை மதிக்கிறேன். ஆனால் அது அணிப்பற்று ஆகாது. மாரடோனா 1984 முதல் 1991 வரை நேப்பிள்ஸில் ஆடி, 1987-லும் 1990-லும் இத்தாலிய லீகை வென்று கொடுத்தார். அவர் போன பின் அந்நகரத்து அணியான நாப்போலி மெல்லச் சரிந்து, 2004-இல் திவாலாகி, மூன்றாம் பிரிவிலிருந்து மறுபடியும் தொடங்கியது. அந்த நகரத்து மக்கள் அங்கும் ஸ்டேடியத்தை நிரப்பினார்கள். மாரடோனாவையும் அவர்கள் தெய்வமாகப் போற்றினார்கள். ஆனால் அவரோடு கிளம்பிப் போய்விடவில்லை. 2023-இல் அடுத்த லீக் பட்டம் வந்தபோது அந்தக் கொண்டாட்டத்துக்கு உரியவர்களாக இருந்தவர்கள், இடைப்பட்ட ஆண்டுகளில் அணியோடு இருந்தவர்கள்.

நடுக்களம் அவர்களுக்கு: நீங்கள் சொன்னவை அனைத்தும் உண்மை, நெகிழ வைப்பவை. ஆனால் அவை மாபெரும் ரசிகர்களின் கதைகள். சராசரி உள்ளூர் ரசிகர் ஸ்டேடியம் கட்டியதில்லை, நீதிமன்றத்தில் நின்றதும் இல்லை. நாயகர்களை ஒரு தட்டிலும், பொழுதுபோக்காகப் பார்ப்பவர்களை மறு தட்டிலும் வைத்து நிறுத்தால் தராசு எப்படி நேராக நிற்கும்? நள்ளிரவில் விழித்து, புள்ளிப்பட்டியலின் நடுவில் கிடக்கும் ஓர் அணியின் கோலில்லாச் சமநிலை ஆட்டத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேச அருகில் ஒருவரும் இல்லாமல் உறங்கச் செல்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டத்தோடு பாடும் ஆறுதல்கூட இல்லாமல் காக்கப்படும் பற்று அது.

நடுக்களம்:

அப்படியானால் சராசரி ரசிகர்களையே ஒப்பிடுவோம். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப், புதிய மாடத்தில் மிக உயர்ந்த டிக்கெட்டுக்கு 77 பவுண்டு என்று விலை அறிவித்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் 77-ஆம் நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது அவர்களுடைய அணி 2-0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாள்களில் உரிமையாளர்கள் அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள். ஜெர்மனியில் தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமை இரவு ஆட்டங்கள் வைக்கப்பட்டபோது, வேலைக்குச் செல்பவர்கள் எப்படி வெளியூர் ஆட்டத்துக்கு வருவார்கள் என்று கேட்டு ரசிகர்கள் எதிர்த்தார்கள். 2018-இல் டார்ட்மண்டின் புகழ்பெற்ற தெற்கு மாடம் பெருமளவு காலியாகக் கிடந்தது. 2021-22 பருவம் முதல் ஜெர்மனியின் முதல்நிலை லீகான புன்டஸ்லிகாவில் திங்கட்கிழமை ஆட்டங்கள் கைவிடப்பட்டன. இவர்கள் யாரும் நாயகர்கள் அல்லர், சாதாரண ரசிகர்கள்.

ஆட்ட நேரம் யாருக்காக மாற்றப்படுகிறது? திரையில் பார்ப்பவருக்காக. 2021 ஏப்ரல் 18 அன்று 12 பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்ற தனி அமைப்பை அறிவித்தபோது முன்வைத்த நியாயம் எது? உலகெங்கும் உள்ள இளைய பார்வையாளர்கள் ஆர்வம் இழக்கிறார்கள், அவர்களுக்குப் பெரிய அணிகளின் மோதலே வேண்டும் என்பது. இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. தம் மைதானமான ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜின் வாசலில் செல்சி ரசிகர்கள் தம் அணியின் பேருந்தையே மறித்து நின்றது அதில் பெரும் பங்கு வகித்தது. தொலைதூர ரசிகரின் பெயரைச் சொல்லி வந்த கேட்டை, அருகிலிருந்த ரசிகர் தடுத்தார்.

இளவேனில்:

எங்கள் பெயரைச் சொன்னார்கள். எங்களைக் கேட்டுச் சொல்லவில்லை. கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் அச்சமே இல்லாத ஒரு லீகை வெறுத்து எழுதிய தொலைதூர ரசிகர்கள் அந்த இரு நாள்களில் எல்லா மொழிகளிலும் இருந்தார்கள்.

ஆயினும் உங்கள் அளவுகோலை நான் மனமார ஏற்கிறேன்: தன் வசதியும் மைதானத்துக்குச் செல்பவரின் நலனும் மோதும்போது ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். ஆனால் அதே அளவுகோலை எல்லோருக்கும் வையுங்கள். 2021 அக்டோபரில் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியம் நியூகாசில் கிளப்பின் 80 சதவீதத்தை வாங்கியபோது, மனித உரிமை அமைப்புகள் எச்சரித்தும், அதன் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கு வெளியே உள்ளூர் ரசிகர்கள் திரண்டு ஆடிப் பாடினார்கள். ஊரில் பிறந்தது அவர்களுக்கு எந்தத் தெளிவைத் தந்தது?

நடுக்களம்:

நியூகாசில் கொண்டாட்டம் எனக்கும் உவப்பானதன்று. ஆனால் அதன் பின்னணியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கீழ் 14 ஆண்டுகள். இருமுறை கீழ்ப்பிரிவுக்கு இறக்கம். 1955-க்குப் பிறகு அதுவரை உள்நாட்டுப் பெருங்கோப்பை எதுவும் வராதிருந்த நிலை. வேறு அணிக்குப் போகும் வழி அவர்கள் மனத்திலேயே இல்லை. ஆகவே வந்த கதவு எதுவாயினும் அதன் வழியே ஓடினார்கள். அதைச் சரி என்று சொல்லவில்லை, புரிந்துகொள்ள முடிகிறது என்கிறேன். அதே அணியை 2022-இல் புள்ளிப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை.

ஆகவே என் நிலைப்பாடு இது: டிக்கெட் விலை, ஆட்ட நேரம், மைதானம் இருக்கும் இடம், உரிமையாளர் யார் என்ற நான்கிலும் மைதானத்துக்குச் செல்பவரின் சொல்லே முந்தியிருக்க வேண்டும். மற்றவர்கள் நேசிக்கட்டும், கொண்டாடட்டும், அழட்டும்.

இளவேனில்:

முதல் மூன்றையும் தயங்காமல் தருகிறேன். நள்ளிரவுக்குப் பதில் விடியலில் ஆட்டம் வந்தாலும் விழித்துக்கொள்வேன். அங்கே வேலை முடிந்து பேருந்தேறிச் செல்பவருடைய சிரமம் என்னுடையதைவிடப் பெரியது. நான்காவதைத் தர மாட்டேன். ஒளிபரப்புக் கட்டணத்திலும் ஜெர்சி விற்பனையிலும் எங்கள் பணத்தை எடுத்துக்கொண்டே கிளப்புகள் வளர்கின்றன. அந்தக் கிளப் யார் கைக்குப் போகிறது, எந்த அரசின் பெயரை நான் நெஞ்சில் அணிய வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கும் மனச்சாட்சி உண்டு. அதைப் பேச நான் எங்கே பிறந்தேன் என்று யாரும் கேட்கக் கூடாது.